அடைக்கலத்தின் சாமந்தி மஞ்சள்

செய்தி வந்தபோது நான் புதுச்சேரியில் ஒரு நூல் கடை வாசலில் நின்று, மஞ்சள் உல்லன் பந்து ஒன்றை வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் டியூப் லைட்டில் சரியாக இருந்த நிறம் வெளிச்சத்துக்கு வந்ததும் வெளிறிப்போய்விட்டது. இது அந்த மஞ்சள் இல்லை என்று நினைத்த நேரத்தில், மாதர் சபையில் எங்களோடு பின்னுகிற லூர்து போன் செய்தாள். "செலின் அக்கா, எங்க இருக்கீங்க? அடைக்கலம் அக்கா பூட்டாங்கக்கா. காலையில துணி காயப்போடுறப்ப அப்படியே சாஞ்சுட்டாங்களாம்." கடைக்காரர் "வேணுமாம்மா, வேணாமா?" என்று கேட்டார். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ்ஸில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவளோடு நான் பேச்சை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்னும் சண்டையே முடியவில்லை, அதற்குள் என்ன அவசரம்?

முப்பதாம் நாள் பூசையில் அடைக்கலமேரியைப் பற்றி நீங்கள் எல்லோரும் நல்லதாகப் பேசினீர்கள். பங்கு இதழுக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் அவளுக்கு நெருங்கிய சிநேகிதியாம். உண்மைதான். ஆனால் அவள்மேல் எனக்கிருந்த பொறாமையையும் சேர்த்துத்தான் அந்தச் சிநேகிதம். அதை விட்டுவிட்டு எழுதினால் எங்களைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். மன்னிப்புக் கேட்கவும் நான் எழுதவில்லை. இப்போதும் பொறாமை இருக்கிறது.

கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் இருவரும் குரோஷா கற்றோம். நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றி மூன்று மூன்றாகப் பின்னல், நான்கு மூலையிலும் திரும்பினால் ஒரு கட்டம். அப்படிப் பல கட்டங்களைச் சேர்த்தால் போர்வை. அவளுடைய முதல் கட்டம் மேசைமேல் அப்பளம் மாதிரிப் படிந்து கிடந்தது. என்னுடையது குல்லா மாதிரிக் குவிந்து நின்றது. எங்கள் சிஸ்டர் அதைத் தன் கட்டைவிரலில் மாட்டிக் காட்டி, "செலின், ஊசியைப் பிடி, நூலின் கழுத்தை நெரிக்காதே" என்றார். வகுப்பே சிரித்தது. அடைக்கலத்தின் கட்டம் மாதா சுரூபத்தின் அடியில் பூ ஜாடிக்குக் கீழே போனது. அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இது.

இந்த வெயில் ஊரில் உல்லன் போர்வை யாருக்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏசி ஆஸ்பத்திரி இருக்கிறது, மார்கழிப் பனி இருக்கிறது, அதற்கெல்லாம் மேலே குளிர் ஊர்களில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பங்கில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாதர் சபையிலிருந்து ஒரு போர்வை போகும். கட்டங்களை எல்லோரும் பின்னுவோம். அவற்றைச் சேர்த்து ஓரம் கட்டுவது மட்டும் அடைக்கலம். போர்வையில் பாதிக் கட்டம் நான் பின்னியது என்றாலும் ஊருக்கு அது 'அடைக்கலம் அக்கா போர்வை'தான். எவளாவது ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'செலின் அக்கா கட்டம்' என்று சொல்லியிருக்கிறாளா? சொல்லுங்கள் பார்ப்போம்.

அவளுடைய நூல் பீரோவைப் பார்த்திருக்கிறீர்களா? புடவைக்கு இல்லாத இடம் அந்த வீட்டில் உல்லனுக்கு இருந்தது. பழைய கொசுவலையை வெட்டிப் பைகள் தைத்து, நிறத்துக்கு ஒரு பை, பைக்கு இரண்டு பாச்சை உருண்டை. மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து மறுபடி அடுக்குவாள். பிரான்சில் இருக்கிற நாத்தனார் வரும்போதெல்லாம் பெட்டியில் சாக்லேட்டுக்குப் பதில் நூல் கொண்டுவருவாள். எனக்கும் இரண்டு நாத்தனார்கள் உண்டு. மடுகரையிலிருந்து வருவார்கள், போகும்போது என் முருங்கைக்காயைப் பறித்துக்கொண்டு போவார்கள். என் நூல் ஜவுளிக்கடைப் பைகளில் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரு வருஷம் எலி அதில் குட்டி போட்டது. அந்தக் குட்டிகளுக்கு நல்ல மெத்தை கிடைத்ததென்று அடைக்கலம் சபையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

மிச்சம் விழுகிற துண்டு நூலை அவள் எறியவே மாட்டாள். விரல்நீளம் இருந்தாலும் ஒரு டப்பாவில் போடுவாள். "துண்டு நூலுக்கு நடுவுல எடம் குடுங்கடி. சுத்தி வர்றத அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அதனால்தான் அவள் போர்வையில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புது நிறம் எட்டிப் பார்க்கும். நானும் அதைச் செய்து பார்த்தேன். என் துண்டுகள் முடிச்சவிழ்ந்து வெளியே வந்துவிட்டன.

என் மகள் வினிதாவின் கல்யாணத்துக்குச் சபைப் போர்வை வேண்டாம், நானே முழுதாகப் பின்னுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு வருஷம் பின்னினேன். அடைக்கலம் தன் பங்குக்கு ஒன்று பின்னிக்கொண்டு வந்து நின்றாள். பெங்களூருக்குப் பெட்டி கட்டும்போது வினிதா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, உன்னுது செம கனம்மா. அடுத்த வாட்டி வர்றப்ப எடுத்துட்டுப் போறேன்" என்று அதை பீரோவில் வைத்துவிட்டாள். அந்த அடுத்த வாட்டி வரவே இல்லை. வீடியோ காலில் பேசும்போதெல்லாம் அவளுக்குப் பின்னால் சோபாவில் அடைக்கலத்தின் போர்வை விரிந்து கிடக்கும். பெற்ற மகளோடு பேசுகிறேன், கண் மட்டும் அந்தப் போர்வைமேல் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. வேறெப்படிச் சொல்வது?

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் கொண்டுவந்ததுதான் அந்த மஞ்சள். புதிதாகப் பறித்த சாமந்தியின் மஞ்சள். தொட்டால் கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் கொடு, வினிதாவுக்குத் தலையணை உறை பின்னுகிறேன் என்று கேட்டேன். அடைக்கலம் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "அதுக்கு ஆளு இருக்குடி. வரட்டும்." யார் என்று கேட்டேன், சொல்லவில்லை. அதற்கப்புறம் வருஷா வருஷம் கேட்டேன், வருஷா வருஷம் அதே பதில். பிரான்சில் பிறக்கப்போகிற ஏதோ ஒரு குழந்தைக்கு எடுத்து வைத்திருக்கிறாள், வந்த ஊருக்கே நூல் திரும்பிப் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வினிதாவுக்குக் குழந்தை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் நீங்கள்தான் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் கேட்டீர்கள். "இன்னா செலினு, பொண்ணு வூட்ல விசேஷம் ஒண்ணும் இல்லியா?" அவளுக்குக் கல்யாணமான புதிதில் ஆசையாகப் பின்னி வைத்த குழந்தைக் குல்லாவையும் காலுறையையும் லூர்து மகனின் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்துவிட்டேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவை கண்ணில் படுவதைத் தாங்க முடியவில்லை. அடைக்கலம் மட்டும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவளுக்கு அக்கறை இல்லை என்று அதையும் ஒரு குறையாக எழுதி வைத்துக்கொண்டேன், மனசுக்குள்.

இந்த வருஷம் வினிதா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நேராக அடைக்கலம் வீட்டுக்குத்தான் போனேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எல்லாம் சரி, அழுது முடித்ததும் நான் கேட்டேன். "என் பேரப் புள்ளைக்குடி. இப்பவாவது அந்த மஞ்சளக் குடு." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அதுக்கு ஆளு இருக்குடி செலினு." என் பேரப் பிள்ளையைவிடப் பெரிய ஆள் யாருடி என்று கத்திவிட்டு வந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

சாவு வீட்டில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. என் சாவுக்கு இதில் பாதி வருமா என்று நான் எண்ணியதை மறைக்கப் போவதில்லை. ஐஸ் பெட்டியில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். "உள்ள குளிருமே, என் தாயி" என்று ஒருத்தி அழுதுகொண்டே தன் கல்யாணப் போர்வையைக் கொண்டுவந்து கண்ணாடிமேல் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். முகம் தெரியவில்லை என்று அவள் மகன் அவற்றை விலக்கிக்கொண்டே இருந்தான். அந்தப் போர்வைகளில் என் கட்டங்களைத் தேடினேன். கண்டுபிடித்தேன். ஓரம் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் சின்னதாக. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவள் மருமகள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். பீரோவைத் திறந்து, எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு கொசுவலைப் பையை எடுத்தாள். சாமந்தி மஞ்சள். பாதிக்குமேல் கட்டங்களாகப் பின்னியாகிவிட்டது. மீதி நூல், அவள் ஊசியோடு.

"இது உங்களுதுதான் ஆன்ட்டி. அத்தையோட நாத்தனார் குடுத்த அன்னிக்கே அவங்க இத தனியா எடுத்து வெச்சுட்டாங்க. வினிதாவுக்குப் பொறக்கப் போற புள்ளைக்குன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா செலினு அழுவா, அவளால நாள எண்ணிக்கினு இருக்க முடியாது, நான் எண்ணிக்கிறேன்னாங்க."

"மாசமானப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வளைகாப்பு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் போத்தி விடணும்னு ஆசப்பட்டாங்க ஆன்ட்டி."

என் வீட்டு வளைகாப்பில், என் சொந்தக்காரர்கள் நடுவில், என் மகளுக்கு அவள் போர்த்துவாளாம்! அந்த நிமிஷத்திலும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்கு வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று வந்தது. நான் குல்லாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்த இடத்தில், அவள் ஒரு பை நூலை வருஷா வருஷம் காயவைத்து, பாச்சை உருண்டை மாற்றி, காத்திருந்திருக்கிறாள். தாய் நான். காத்திருந்தது அவள். அந்தப் போர்வைகளை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள், இதை என்னால் தாங்க முடியவில்லை.

மீதிக் கட்டங்களை நான் பின்ன உட்கார்ந்தேன். அவள் நூல், அவள் ஊசி, ஆனால் கை என்னுடையது. கட்டங்கள் சின்னதாகவே வந்தன. பிரித்தேன், கையைத் தளர்த்திப் பின்னினேன், மறுபடி சின்னது. கடைசியில் என் கட்டங்களைச் சுற்றி வெள்ளையில் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டு அவள் அளவுக்குக் கொண்டுவந்தேன். எது யாருடையது என்று இப்போது குருடிகூடச் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். சேர்த்து ஓரம் கட்டியது நான். முதல் தடவையாக.

வளைகாப்பு அன்று அதை வினிதாவுக்குப் போர்த்தினேன். அவள் வயிற்றின்மேல் விரித்து, கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்தாள். விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இந்த வெள்ளக் கோடு போட்டதெல்லாம் நீயாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அடைக்கலம் அத்தையுது பக்கத்துல நல்லா இருக்கு" என்றாள். தலைப்பிரசவம் இங்கேதான். போகும்போது இதை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையின் அடியில் மிச்சமிருந்த ஒரே ஒரு மஞ்சள் பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "அக்கா, இது சும்மாதானே கிடக்குது? எனக்குக் குடுங்களேன், பையனுக்கு ஒரு மஃப்ளர் போட்டுக்கறேன்."

அவள் கையிலிருந்து பந்தை வாங்கிப் பைக்குள் போட்டு வாயை இழுத்துக் கட்டினேன்.

"அதுக்கு ஆளு இருக்குடி" என்றேன்.

"யாருக்கா?"

"வரட்டும்."