துக்கம் கேட்க வந்தவர்

மூன்றாவது வளைவில்தான் முதல் தடவை வந்தது.

காலை ஏழு மணி தாண்டியிருக்கும். ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப், போடிமெட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பதிமூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். திடீரென்று மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. சாவதற்குக்கூட இங்கே இடமில்லையே என்றும் நினைத்தேன்.

"பித்தம்டீ. எலுமிச்சம்பழத்த மோந்து பாரு" என்றார்கள். மோந்து பார்த்தேன். மறுநாளும் அதே வளைவில் வந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. காய் எடுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்ப்பது என் வேலை. மலைப்பாதையில் ஒன்பது வருடம் போய்வந்தவளுக்குப் புதிதாக மலை ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜீப் ஓட்டும் பால்பாண்டி அண்ணன் பரிதாபப்பட்டு முன் சீட்டைக் கொடுத்தார். முன் சீட்டு எங்கள் ஜீப்பில் பெரிய மரியாதை. அங்கே உட்கார்ந்தும் வந்தது.

தேனியில் ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள்.

"ஹார்ட் நல்லாயிருக்கும்மா. இது பேனிக் அட்டாக்" என்றார் டாக்டர். பேனிக் அட்டாக் (ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பைப் பிடித்துக்கொள்ளும் கடும் பீதி) என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். சீட்டில் எழுதிக்கொண்டே, "கல்யாணம் ஆகலையா?" என்றார்.

அவர் அனுப்பிய ஆலோசகர், நான் பாதி சொல்லும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஒரு கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகுமாம். ஒரு கல்யாணத்தால்தான் இது வந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அது ஈஸ்வரியின் கல்யாணம்.

ஜீப்பின் கடைசி இருக்கையில் அவளும் நானும் ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். "ஒட்டிப் பெறந்ததுக" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். எங்களுக்கு அது கேலியாகத் தெரியவில்லை, ஒருவரை ஒருவர் விரும்பினோம். தை மாதம் அவளைத் திருப்பூரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் சீர்த்தட்டு தூக்கினேன், பந்தியில் ரசம் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்து, அவள் இடத்தில் காவேரி என்ற புதுப்பெண் உட்கார்ந்தாள். அந்த வாரம்தான் மூச்சு அடைத்தது. இதை இவ்வளவு வரிசையாக அன்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜீப்பில் ஏறுவதையே நிறுத்தினேன். இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக எஸ்டேட்டில் சொன்னார்கள். அம்மா சின்னமனூர் வரன் ஒன்றைப் பேச ஆரம்பித்தார். "சோலிக்குப் போகாம வீட்ல எத்தன நாளைக்கு ஒக்காந்திருப்ப?" என்றார். கணக்கு எளிது. ஜீப்பில் ஏறினால் வேலை உண்டு. வேலை போனால் கழுத்தை நீட்ட வேண்டும்.

போனில் தேடித்தான் இணையவழி ஆலோசனைக்குப் போனேன். முதலில் வந்தவர் நல்லவர்தான். ஆனால் பாதிக்கு மேல் ஆங்கிலம். வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெரிய நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்றார். கேட்டுக்கொண்டேன். அம்மாவை எந்த நகரத்தில் கொண்டுபோய் வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

பால்புதுமையினருக்கு (தன் பாலினத்தவரை விரும்புவோர், திருநர் முதலானோருக்கு) ஆதரவாகத் தமிழிலேயே பேசும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படிக் கிடைத்தவர் ரெஜினா அக்கா. திருநெல்வேலிக்காரர், சென்னையில் தன் துணைவியுடன் வாழ்பவர். அதை அவரே முதல் நாள் சொன்னார். என் முதுகு அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது. மாத்திரைக்கு ஒரு மனநல மருத்துவரையும் அவரே காட்டினார். சின்ன அளவில் எட்டு மாதம் சாப்பிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேசுவதற்கு இடம்தான் இல்லை. எங்கள் வீடு ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாது, பால்பாண்டி அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும்.

"அண்ணே, ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள ஒக்காந்து போன் பேசிக்கிறேன்."

"பேசு ஆத்தா." அவ்வளவுதான். எதற்கு என்று கேட்கவில்லை, பக்கவாட்டுத் தார்ப்பாயை மட்டும் இறக்கிவிட்டார்.

நாலாவது வாரம் ரெஜினா அக்கா கேட்டார்: "உங்க ஊர்ல ஒரு வீட்ல எழவு விழுந்தா என்ன செய்வாங்க?"

சொன்னேன். துக்கம் கேட்க வருகிறவர்களை யாரும் வாங்க என்று அழைப்பதில்லை. வந்தவர்கள் கையைப் பிடிப்பார்கள். எப்படி நடந்தது என்று கேட்பார்கள், வீட்டார் முதலிலிருந்து சொல்வார்கள். கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போவார்கள்.

"ஒங்ககிட்ட யாரு வந்து கேட்டா?"

"எங்க வீட்ல யாரும் சாகலையேக்கா."

"ஈஸ்வரி போயிட்டாள்லா. அத யாரு வந்து கேட்டா?"

ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம நான் வாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு திரையில் வந்தவர் வணக்கம் சொல்லவில்லை, எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. சாயம் போன பருத்திப் புடவை கட்டியிருந்தார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "எப்படிம்மா நடந்துச்சு?" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்று அவள் என்ன நிறம் உடுத்தினாள், என்னிடம் எதைச் சொல்லாமல் மறைத்தாள், கடைசி நாள் ஜீப்பிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்கினாள், எல்லாம். தோட்டத்தில் சேலைக்கு மேல் அவள் போட்டுக்கொள்ளும் பழைய ஆண்சட்டை என் தூக்குப்பையிலேயே தங்கிவிட்டதைச் சொன்னபோது அழுதேன். எழவு வீட்டில் அழுவது போலவே, சத்தமாக அழுதேன்.

அழுது ஓய்ந்தபோது திரை அணைந்தது.

டவர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மூன்று கோடும் முழுதாக இருந்தது. மற்ற வாரங்களில் "போயிட்டு வாரேன், அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லாமல் அவர் போனதே இல்லை.

அப்புறம்தான் விளங்கியது.

அந்த ஞாயிற்றை முதல் நாளாக வைத்து எண்ணினேன். ரெஜினா அக்கா எண்ணச் சொல்லவில்லை, நானாகத்தான் எண்ணினேன். பதினாறாம் நாள் திங்கட்கிழமை. எஸ்டேட் கொடுத்த கெடுவில் இரண்டு நாள் மீதமிருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு தூக்குச்சட்டியோடு ஜீப்படிக்குப் போனேன். பால்பாண்டி அண்ணன் முன் சீட்டுக் கதவைத் திறந்தார்.

"வேணாம்ணே. பின்னாலயே ஒக்காந்துக்கிறேன்."

"சரி, வெரசா ஏறு."

காவேரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் அது வந்தது. மூச்சு அடைத்தது, விரல் மரத்தது. நோய் போய்விட்டதாக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"என்னக்கா செய்யிது? பித்தமா?" என்றாள் காவேரி.

"இல்லடீ. துக்கம்."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழாவது வளைவு தாண்டியும் விடவில்லை.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. சின்னமனூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது நோயில்லை, எப்போது என்பது உங்கள் விருப்பம் என்றார் ரெஜினா அக்கா. மூன்றாவது வளைவுக்கு முன்பே இப்போதெல்லாம் உடம்பு என்னைத் தயார்படுத்திவிடுகிறது. என்னைவிட அதற்குத்தான் ஈஸ்வரியை நன்றாக ஞாபகமிருக்கிறது என்று விட்டுவிடுகிறேன். அவள் போய் எத்தனை மாதம் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணாமலே சொல்வேன். முன்பு அது நேற்றா போன வருடமா என்றே எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை எஸ்டேட் வாசலில் எல்லோரும் இறங்கினோம். தினமும் "வர்றேங்க்கா" என்று கத்திவிட்டுத்தான் காவேரி காய் எடுக்கும் தன் நிரைக்கு ஓடுவாள். அன்று என் கையை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள்.