மாலை கழற்றும் டெக்ஸியோஸ்

கோயிலுக்கு ஏறும் வளைவில், தன் பட்டறை வாசலில் நின்றபடி டெக்ஸியோஸ் இன்னொருவன் தலையிலிருந்து மாலையைப் பிடுங்குகிறார்.

"தலையில என்னய்யா தோட்டம்? கல்யாணத்துக்கா போற?"

மாட்டிக்கொண்டவன் லிக்கோன், நாக்சோஸ் தீவிலிருந்து வந்து இங்கே பெண் கட்டிய மீனவன். அவன் ஊரில் தலையில் மாலை இல்லாமல் பலியிடப் போனால்தான் திட்டு விழும். எங்கள் பாரோஸ் தீவில் காரிதேஸ் தேவியர் மூவருக்கு மட்டும் மாலையும் ஆகாது, குழலும் ஆகாது. மினோஸ் மன்னன் இங்கே அவர்களுக்குப் பலியிட்டுக்கொண்டிருந்தபோது மகன் செத்த சேதி வந்தது. மாலையைக் கழற்றி எறிந்தான், குழலை நிறுத்தச் சொன்னான், பூசையை மட்டும் முடித்துவிட்டுத்தான் அழுதான். அதனால் நாங்களும் வெறுந்தலையோடு போகிறோம்.

இந்தக் காவல் வேலையை டெக்ஸியோஸுக்கு யாரும் கொடுக்கவில்லை. பூசாரியே சில நாள் வேறு வழியாக ஏறுவதாகக் கேள்வி.

டெக்ஸியோஸின் தொழில், பலகைக் கல்லில் புடைப்பாக உருவம் வெட்டுவது. அருளும் அழகும் தருகிற அந்த மூவரை அவரைப்போல் வெட்ட இந்தத் தீவில் ஆளில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து நடக்கையில் ஆடையின் மடிப்பு இப்போதுதான் அசைந்தது போலிருக்கும். நன்றி கற்பித்த தேவியரும் அவர்கள்தான் என்பார்கள். அந்தச் சொல்லை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அத்திப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால், "போன வருஷம் இதைவிடப் பெருசா இருந்துச்சு" என்பார். உளி வழுக்கினால் தேவியருக்கும் ஏச்சுதான்: "ஒழுங்கா நில்லுங்கடி, மூணு மூதேவிங்களா." வியர்வைக்காகத் தலையில் கட்டிய துணியிலிருந்து அப்போது கல்தூசி உதிரும்.

அன்று பிற்பகல் லிக்கோன் மறுபடியும் வந்தான், மாமியார் ஆர்க்கிப்பேயோடும் ஒரு கழுதையோடும். ஊர்க்காரர்களுக்கு எழுதிப் படித்துச் சொல்கிற நானும் அப்போது பட்டறையில் இருந்தேன். மகள் மெலிட்டா பிரசவத்தில் பிழைத்தால் காரிதேஸுக்குக் கல் வைப்பதாக ஆர்க்கிப்பே நேர்ந்திருந்தாள். மெலிட்டா பிழைத்துவிட்டாள். மறுநாள் பூசைக்குள் கல் நின்றாக வேண்டும்; தவறினால் உயிரைக் கொடுத்த தேவியரே அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குப் பயம்.

வெட்டி முடித்த கல்லை மூடியிருந்த சாக்கை டெக்ஸியோஸ் விலக்கினார். மூவர் கைகோத்து நடந்தார்கள். அவர்கள் முழங்கால் உயரத்தில் மெலிட்டா, கைக்குழந்தையோடு. ஆர்க்கிப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிக்கோன் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"மூக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மூக்கு இல்லண்ணே. நாளைக்கு இவங்க மூணு பேரையும் வளைவுல நிறுத்திக் கழட்டச் சொல்வீங்களா?"

மூன்று தலையிலும் மாலை. இலை இலையாக, நரம்பு தெரிய. ஏதென்ஸில் பல வருடம் வெட்டிப் பழகிய கை. அங்கே மாலையில்லாத தலையைக் காண்பதே அரிது. வாய் பாரோஸ்காரராகக் கத்திக்கொண்டிருந்தபோது கை ஏதென்ஸ்காரராக வேலை பார்த்திருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். ஆர்க்கிப்பே சிரிக்கவில்லை. "பூசாரி வாசல்லயே திருப்பிடுவாரேண்ணே. எம்பொண்ணு இன்னும் எழுந்து நடக்கக்கூட இல்ல" என்று கழுதையின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாயம் பூசி மறைச்சிடலாமே?" என்றேன்.

"உன்னப் படிச்சவன்னு எவன்யா சொன்னான்?"

பிறகு லிக்கோன் பக்கம் திரும்பினார். "நீ ஒருத்தன். காலையில திட்டு வாங்கினா வீட்ல போய்ப் படுக்கணும். கண்ணு இருக்குன்னு எல்லாத்தையும் பாக்கணுமா?"

நன்றிக்கு இவ்வளவு அருகில் அவர் போய் நான் பார்த்ததில்லை.

"இலைய எடுத்துட்டு முடியா முறுக்கி விடுறேன். அதுக்குக் கல்லு போதும். கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா மண்டையே போயிடும். யாரும் பேசாதீங்க."

கல்லை மல்லாக்கக் கிடத்தி, இருப்பதிலேயே சிறிய உளியைத் தேடி எடுத்தார். "சும்மா கிடங்கடி, மூதேவிங்களா." சுத்தியலை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார். அதைக் கீழே வைத்தார். தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தூசி போக உதறி, சில்லு தெறிக்காதபடி முதல் தேவியின் கண்கள்மேல் போட்டார்.