டியூனரும் அண்ணாச்சியின் ஆர்மோனியமும்

பீரோ மேலிருந்து கிட்டாரை இறக்குகிறேன், டியூனரை வைத்து ஆறு கம்பியையும் சரிசெய்கிறேன், ஒரு பாட்டுகூட வாசிக்காமல் திரும்ப உறைக்குள் போட்டுவிடுகிறேன். "ஏம்ப்பா டியூன் மட்டும் பண்ணுதீங்க?" என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். சிரித்து வைத்தேன். எழுதினால் ஒழுங்காகச் சொல்வேன் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தேன். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் கூப்பிடுவார்கள். குழுவுக்குத் தலைவர், ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சி. கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் ஒத்திகை. மற்ற நாட்களில் எனக்குப் பஞ்சு மில், நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதி. அங்கே மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எதிரே நிற்பவரின் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம்.

ஒத்திகை தொடங்கும் முன் அண்ணாச்சி ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடிப்பார். நான் கம்பியை மீட்டி, தலைப்பக்கத்துத் திருகைத் திருப்புவேன். இரண்டும் சேராதவரை சத்தத்துக்குள் ஒரு நடுக்கம் அலையடிக்கும். சேரச் சேர அலை நீண்டு, மெதுவாகி, நின்றுபோகும். அது நிற்கிற இடம்தான் சுதி. அதைக் கேட்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்சம் கொஞ்சமாக அந்த அலை கேட்காமல் போனது. ஞாயிற்றுக்கிழமையிலும் என் காதுக்குள் ரிங் பிரேம் ஓடிக்கொண்டே இருந்தது.

மதுரைக்குப் போய் டியூனர் வாங்கி வந்தேன். கம்பியை மீட்டினால் முள் ஆடும். நடுவில் நின்றதும் பச்சை விளக்கு எரியும். கண்ணால் பார்த்தே சுதி சேர்த்துவிடலாம்.

"இனிமே காதே வேண்டாம்" என்றேன் உங்கள் அம்மாவிடம்.

"மெதுவாச் சொல்லுங்க, தெருவுக்கே கேக்குது" என்றாள்.

அடுத்த ஒத்திகையில், முதல் பாட்டிலேயே அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார்.

"ஏலே, என்னத்தலே வாசிக்க? மில்லு சங்கு மாதிரி தனியாக் கேக்குது."

"ஆறும் பச்சைதான் அண்ணாச்சி. பாருங்க."

"உன் பொட்டி சரியாத்தான் சொல்லும். என் பொட்டி பழசு, அது வேற சொல்லுது. பாடுத புள்ள என் பொட்டிய நம்பித்தானே நிக்கா?"

டியூனரை ஆர்மோனியத்தின் முன்னால் வைத்தேன். ஆர்மோனியத்துக்கு முள் எங்கே நிற்கிறதோ அங்கேயே என் கம்பியையும் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. மேலே ஓடிய ஃபேன் சத்தத்துக்கு வேறு துடித்தது.

"அத அங்கன வையி. காதுல கேட்டுச் சேரு" என்று அவர் கட்டையை அமுக்கினார்.

அவர் முகத்தைப் பார்த்தபடியே திருகினேன், மில்லில் உதட்டைப் பார்ப்பதுபோல. புருவம் சுருங்கினால் இறக்கினேன். இளகினால் அங்கேயே விட்டேன். முதல் கம்பி எப்படியோ சேர்ந்துவிட்டது. அடுத்த கம்பிக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுமென்றே அல்ல, கூர்ந்து கேட்கும்போது அவருக்கு அது வழக்கம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்றே தெரியாமல் திருகிக்கொண்டிருந்தேன். பாடுகிற பெண் காதைப் பொத்தினாள்.

அண்ணாச்சி கண் திறந்து என்னையே பார்த்தார்.

"எப்பத்துல இருந்துலே?"

"போன கொடைக்கு முன்னாலயே, அண்ணாச்சி."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காது நரம்பு போயிட்டாம். திரும்ப வராதாம்."

"மில்ல விட்டுரு."

"விட்டுட்டு?"

அடுத்து வந்த கொடைக்கு மணியாச்சியிலிருந்து வேறொருவர் வந்து வாசித்தார். அதற்குப் பிறகு நான் குடோன் பக்கம் போகவில்லை. கடைக்குப் போனால் அண்ணாச்சி இப்போதும் உங்களுக்கென்று ரெண்டு மிட்டாய் சேர்த்துப் போடுகிறார். பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

பெரியவனே, கிட்டார் சொல்லித் தரச்சொல்லி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். விரலை எங்கே வைப்பதென்று காட்டுவேன். நீ தப்பாக வாசித்தால் எனக்குத் தெரியாதே, ஐயா. நான் தலையாட்டினால் அதையே சரியென்று படித்துக்கொள்வாய். அதனால்தான் சொல்லித் தரவில்லை, உன்மேல் கோபமில்லை. பச்சை எரிவதைப் பார்க்கத்தான் கிட்டாரை இறக்குகிறேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

நாளை எனக்குக் காலை ஷிப்ட். அலாரம் அடித்தால் யாராவது வந்து தட்டி எழுப்புங்கள்.