உண்டியலில் போட்ட டாலர்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். சாமி டாலரைக் குறை சொன்னால் சாமியையே குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். வாய்விட்டுச் சொன்னால் அந்த நோவு திரும்ப வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பில்லை.

எங்கள் ஊர் சித்தூர் பக்கம் குடிபாலா. நிலத்திலேயே வீடு கட்டியிருக்கிறோம். ஒட்டினாற்போல் இன்னும் ஒரே ஒரு வீடு. மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவேன், மற்ற நாளில் நிலம். கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்து, பெருமாளை வேண்டிப் பெற்ற மகள் எனக்கு. மூன்று வயசில் அவளுக்குத் திருமலையில் முடிகாணிக்கை கொடுத்தோம்.

இறங்கி வந்து திருப்பதியில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஃபேன்சி கடையில் நின்றோம். பொன் நிறத்தில் குழந்தைகள் போடும் செயின் தொங்கியது. நடுவில் பெருமாள் டாலர், இரண்டு பக்கமும் குட்டியாகச் சங்கும் சக்கரமும். மகளுக்கு ஒன்று வாங்கினேன். மலைக்குப் போய் வந்தால் எல்லாருக்கும் லட்டு கொடுக்கிற மாதிரி, மாசமாக இருக்கிறவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு சாமி பொருள் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண் அப்போது மாசமாக இருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். அவளுக்கும் ஒன்று வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்தாள்.

என் மகள் அந்த டாலரை வாயிலிருந்து எடுக்கவே மாட்டாள். விளையாடும்போதும் வாயில், தூங்கும்போதும் வாயில். என் வீட்டுக்காரி கத்துவாள்.

"எச்சி பண்ணாத. துப்பு, துப்பு."

"தித்திக்குது நைனா" என்பாள் மகள், என்னைப் பார்த்து.

எனக்குப் புல்லரித்துப் போகும். "வுடு மே. பெருமாள் அவளுக்குத் தித்திக்கிறாரு. உனக்கு எனக்குக் கிடைக்குமா அந்த பாக்கியம்?" என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். இப்போது யார் வீட்டிலாவது குழந்தை எதையாவது வாயில் வைத்துச் சப்பினால் எனக்கு அந்த வார்த்தை கேட்கிறது.

சில மாதம் போனது. பிள்ளை சோறு துன்ன மறுத்தாள். வயிறு வயிறு என்று சுருண்டு படுப்பாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கண் பட்டிருக்கும் என்று சுற்றிப் போட்டோம். சித்தூரில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா தெலுங்குக்காரி. வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது டாலர் கையில் தட்டியது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொன் நிறமெல்லாம் போய், பெருமாள் முகமே தேய்ந்து, சாம்பல் நிறமாகியிருந்தது. நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

"இதி நோட்லோ பெட்டுகுண்டுந்தா?" என்று கேட்டாள். வாயில் வைப்பாளா என்று.

எப்போதும் வாயில்தான் என்றேன். அவள் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள். ரிசல்ட் வந்தபோது அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை, காகிதத்தைப் பார்த்தே பேசினாள். ரத்தத்தில் சீசம் ஏறியிருக்கிறது என்றாள். எனக்குப் புரியட்டும் என்று, வண்டி பேட்டரிக்குள் இருக்குமே அந்தக் காரீயம் என்றாள். மட்டமான உலோகத்தில் செய்து மேலே முலாம் பூசிவிடுகிறார்கள், காரீயம் நாக்குக்குத் தித்திக்கும், குழந்தை சப்பச் சப்ப உள்ளே போகிறது, அது மூளைக்கும் போகும். செயினை உடனே கழற்று, அது வீட்டிலேயே இருக்கக் கூடாது, மருந்து கொடுக்கலாம், குறையும், ஆனால் ஆன கெடுதல் எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றாள்.

செயினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குப்பையில் போட முடியுமா? அதில் சாமி முகம் இருக்கிறது. வைத்துக்கொள்ள முடியுமா? அது என் பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கிறது. சாமி பொருளைச் சாமியிடமே சேர்ப்பதுதானே நம் வழக்கம். மஞ்சள் துணியில் முடிந்து, அன்றைக்கே மலையேறி, உண்டியலில் போட்டேன். "அவ புத்திய மட்டும் எடுத்துக்காதே சாமி" என்று வேண்டிக்கொண்டேன். துணி உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

புகார் கொடு, அந்தக் கடையில் இன்னும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாங்குவார்கள் என்று டாக்டரம்மா சொன்னதால், மகளையும் கூட்டிக்கொண்டு சித்தூர் கோர்ட்டில் இலவசமாக வழக்கு பார்க்கிற வக்கீலம்மாவிடம் போனோம். அவர் தமிழ் பேசுவார்.

"பொம்மைன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம விக்கக்கூடாதுன்னு சட்டம் கீது. கழுத்துல போட்ற செயினுக்கு அந்த மாதிரி கட்டாயம் இருக்கறதா எனக்குத் தெரியல. ஆனா ஆபத்தான பொருள விக்காதேன்னு நுகர்வோர் கமிஷன் உத்தரவு போடலாம். பொருள டெஸ்டுக்கு அனுப்பணும். எங்க அந்த செயினு?"

"மலை உண்டியல்ல போட்டுட்டேம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாட்சியக் கொண்டும்போய் சாமிகிட்ட குடுத்துட்டு, கேச மட்டும் எங்கிட்ட கொண்டாந்தியா?"

"நல்லா கேளுங்கம்மா" என்றாள் என் வீட்டுக்காரி. "நான் கேட்டா சாமி மேல பாரத்த போட்டுட்டேன்றாரு. பாரமா போட்டாரு, செயினத்தான் போட்டாரு."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அதே கடையில வேற யாருக்காச்சும் வாங்கினியா?"

அந்த நிமிஷம்வரை எனக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த செயின் ஞாபகத்துக்கே வரவில்லை. என் பிள்ளை நோவில் மற்ற எல்லாம் மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்து பல் முளைக்கிற பருவம். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். மறுநாள் அதற்குக் காதுகுத்து.

குடிபாலா பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இருந்த குழந்தைகள் கழுத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். கோவிந்தா கோவிந்தா என்று சொல்லுகிறேன், வாயில் சத்தம் வரவில்லை.

அவர்கள் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை பாயில் கிடந்தது, கழுத்தில் ஒன்றும் இல்லை. செயின் மாடத்திலேயே, கவருக்குள்ளேயே இருந்தது. நான் அதைக் கேட்டேன்.

"இன்னாண்ணா இது? நாளைக்குக் காது குத்தி அதத்தான் போடலாம்னு கீறோம். குடுத்த சாமிய யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?" என்றாள் அவள்.

பந்தல் மேலே இருந்து அவள் புருஷன் சொன்னான், "ஊருல எல்லாரும் குடுத்த கடனத் திருப்பிக் கேப்பாங்க. இவுரு பெருமாளையே திருப்பிக் கேக்கறாரு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனாலும் எடுத்துத் தரவில்லை. "உம் பொண்ணுக்கு ஆச்சின்னா எம் புள்ளைக்கும் ஆவுமா? நல்ல காரியத்துக்கு முன்னாடி மாடத்துல இருக்கிற சாமிய எடுக்கச் சொல்றியே. வெறுங்கழுத்தோட காது குத்தறதா?"

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் பயம்தான், எனக்கும் பயம்தான். அவள் பயம் சாமி பக்கமாக இருந்தது. போன மாதம்வரை நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

என் வீட்டுக்காரி வீட்டுக்குப் போய், நூலை மஞ்சளில் நனைத்து ஒரு துளசி மணி கோத்துக் கொண்டுவந்தாள். "இந்தா, வெறுங்கழுத்து வாணாம். இத கட்டு." அவள் இடுப்பில் என் மகள் இருந்தாள். மெலிந்துபோன கையை மாடத்துப் பக்கம் நீட்டினாள். கவருக்குள் மினுக்கிய செயின் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"அது தித்திக்கும் அத்த. பாப்பாக்குக் குடு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் பந்தலிலிருந்து இறங்கி வந்து நின்றான். அவள் என் மகளின் வெளுத்த முகத்தையே பார்த்தாள். பிறகு மஞ்சள் நூலைக் குழந்தை கழுத்தில் கட்டினாள். மாடத்தில் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, கவரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ உண்டியல்ல போட்டத சாமி எங்கையால திருப்பிக் குடுக்கறாருன்னு நெனச்சிக்கோண்ணா" என்றாள்.

கவரில் கடை ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. எங்கள் சரக்கே இல்லை என்று கடைக்காரர் கமிஷனில் சொன்னபோது வக்கீலம்மா அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டினார். அதை அரக்கு முத்திரை வைத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். காரீயம் இருக்கிறது என்று வந்தது. வாய்தா வாய்தாவாகப் போய், அந்தச் செயினை விற்கக் கூடாது, இருக்கிறதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது. அந்த ஒரு கடைக்கு. பக்கத்துத் தெருவில் அதே மாதிரி செயின் தொங்குவதை நானே பார்த்தேன். அதையும் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அதற்கு வேறு மனு போட வேண்டுமாம். போடுகிறோம்.

மகளுக்கு ரத்தத்தில் குறைந்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சொன்ன பாடத்தை மறந்து என் முகத்தைப் பார்ப்பாள். எல்லாப் பிள்ளையும் மறக்கும் என்கிறார் டீச்சர். இருக்கலாம். அவள் யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரம், அவள் வாய் திறக்கும்வரை, நான் மூச்சுவிடுவதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளை பெற்ற இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பெருமாள் தண்டித்தார் என்று சேர்க்காதீர்கள், அவர் தண்டிக்கவில்லை. பிள்ளை முழுசாகப் பிழைத்துவிட்டது என்றும் முடிக்காதீர்கள், அது எனக்கே இன்னும் தெரியாது. தித்திக்குது என்று அவள் சொன்னதை மட்டும் விட்டுவிடாமல், அவள் சொன்னபடியே சொல்லுங்கள்.