தவரத்தினத்தின் ஆவிப்பெட்டி

பாரிஸின் லா சப்பலில் பலருக்குத் தவரத்தினத்தைத் தெரியாது, அவருடைய இடியப்பத்தைத் தெரியும். ரூ பஜோலுக்குப் பக்கத்துச் சந்தில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் சமைக்கிற குசினியுமாக ஒரு சின்ன இடம் வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் காலையில் அங்கிருந்துதான் இடியப்பம் போகும்.

இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு ஒபர்வில்லியேயில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் பழகியவர் அவர். கை சும்மா இராது. கடை தொடங்கியதும் அவிக்கிற வேலைக்கென்று தானே ஓர் இயந்திரம் செய்துவிட்டார். கீழே இறுக மூடிய உருக்குப் பானை, அதிலிருந்து குழாய் வழியே ஆவி ஏறும் அலுமாரி, அலுமாரிக்குள் தட்டுத் தட்டாக இடியப்பம். பானையின் தலையில் ஒரு வால்வு. ஆவி மிஞ்சினால் வால்வின் நெம்புகோலில் தொங்கும் எடையைத் தூக்கிக்கொண்டு சீறி வெளியேறும்.

அவருடைய மகள் கஜனி பாரிஸில் பிறந்து பொறியியல் படித்தவள். இயந்திரத்தைப் பார்த்ததும் தகப்பனைப் பழைய இயந்திரங்கள் வைத்திருந்த ஒரு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், நீராவி இயந்திரத்தின் ஆரம்பகாலக் கதையைச் சொன்னாள். தெனி பப்பேன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு, இன்றைய குக்கருக்கு மூத்த பானையைச் செய்தவர். பிறகு ஆவியின் பலத்தால் உருளைக்குள் தண்டை ஏற்றி இறக்கலாம் என்று காட்டியவர். புரட்டஸ்தாந்து மதத்தவர் என்பதால், அரசர் அந்த மதத்தைத் தடைசெய்த பிறகு அவரால் நாடு திரும்ப முடியவில்லை. இங்கிலாந்து, ஜேர்மனி என்று அலைந்தார். ஜேர்மனியில் அவருடைய படகை ஓடக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். கடைசியில் லண்டனில் வறுமையில் மறைந்தார். எங்கே புதைத்தார்கள் என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை.

தவரத்தினத்துக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவரும் எங்களைப் போல அகதிதான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பானை வெடித்துவிடும் என்று பயந்து அந்த மனுசன் முதலில் யோசித்தது வால்வைப் பற்றித்தான் என்று, குசினிக்குள் கூட்டிப்போய்க் காட்டுவார்.

குசினியில் அவருக்குத் துணை நாகேஸ்வரி. பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் ஓர் அறையில் இருந்தாள். அகதித் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு விசா இல்லாமல் இருந்தவள். அவளைத் தவரத்தினம் வேலைக்குப் பதியவில்லை. பதிய வழியில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அது உண்மையும்தான். ஆனால் அதனால் வந்த வசதியும் அவருக்குத் தெரியாததல்ல.

தேர்த் திருவிழா நெருங்கிய ஆவணி மாதம். கடைகளிலிருந்து ஓடர்கள் குவிந்தன. வால்வு ஓயாமல் சீறியது. மேல்வீட்டு மனிதர் சத்தத்தைப் பற்றியும் தன் வீட்டுத் தரையில் ஊறும் ஈரத்தைப் பற்றியும் முறைப்பாடு செய்தார். ஒரு நாள் காலை தவரத்தினம் ஒரு கம்பியை எடுத்து நெம்புகோலை அசையாமல் கட்டினார். சீறல் நின்றது. இடியப்பமும் சுறுக்காக வெந்தது. திருவிழா முடிய அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தார்.

திருவிழாவுக்கு முன்பே பானையின் மூடி பெயர்ந்தது. அவர் முன்பக்கம் காசு வாங்கிக்கொண்டு நின்றார். ஓடிப் போனபோது குசினி முழுக்க வெள்ளைப் புகாராக ஆவி. நாகேஸ்வரி நிலத்தில் கிடந்தாள். வலது கையும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. அவர் குளிர்தண்ணீரை ஊற்றினார், அம்புலன்சுக்குப் போன் அடித்தார். அது வருவதற்குள் கம்பி வெட்டும் குறடொன்றை எடுத்து, நெம்புகோலில் கட்டிய கம்பியை வெட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்புலன்சோடு வந்த தீயணைப்புப் படையினர் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நாகேஸ்வரி முந்திக்கொண்டு, தெரிந்த பிரெஞ்சில், நான் இவர்களுக்குச் சொந்தம், சும்மா பார்க்க வந்தவள், தெரியாமல் மூடியைத் திறந்துவிட்டேன் என்றாள். அவர்கள் தவரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

பிறகு வந்த மாதங்களில் அவர் சாப்பாட்டுப் பார்சல்களாக அனுப்பினார். மனைவி புனிதவதிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். நாகேஸ்வரியின் விரல்கள் இனிச் சரியாக மடங்காதாம் என்று வந்து சொல்லுவாள். தவரத்தினம் ஒருநாளும் போகவில்லை. கடைக்கு வந்தவர்கள், ஆரோ ஒரு பிள்ளையை இப்படிப் பார்க்கிறீர்களே என்று புகழ்ந்தபோது, கறிச்சட்டியைக் கிளறுவதற்கென்று உள்ளே போய்விடுவார். பப்பேனின் கதையை யாராவது கேட்டால் நேரமில்லை என்பார். பானையைத் திருத்தாமல் ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடிவைத்தார்.

மாசி மாதம் கஜனி ஒரு செய்தியோடு வந்தாள். நாகேஸ்வரிக்காக ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறாள். வேலை செய்த இடத்தில் நடந்த விபத்து என்று முதலாளி ஒத்துக்கொண்டால், பதியாத வேலையென்றாலும் அவளுக்கு உரிமை உண்டு, விசாவுக்கும் அது உதவக்கூடும் என்றாராம். அப்பா ஒத்துக்கொள்வீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். கம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தவரத்தினம் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ரயிலிலும் பஸ்ஸிலுமாக வில்லியே லே பெல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சொல்ல வைத்திருந்த வசனமெல்லாம் குழம்பிவிட்டது. நாகேஸ்வரி கதவைத் திறந்தாள். இடது கையால் திறந்தாள். அவர் உட்காரவும் இல்லை, நின்றபடியே சொன்னார்.

“தங்கச்சி, பிழை உன்னிலை இல்லை. வால்வை நான் கம்பியாலை கட்டினனான்.”

“தெரியும் அண்ணை. நீங்கள் கம்பியை வெட்டேக்கை நான் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்.”

பிறகேன் தீயணைப்புக்காரரிடம் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்டார்.

“உங்களுக்காகச் சொல்லேல்லை. வேலைக்காரி எண்டு தெரிஞ்சால் விசாவைக் கேப்பாங்கள். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம்.” அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். “நீங்கள் வருவியள் எண்டு பாத்தனான். பார்சல்தான் வந்தது.”

அவர் அழுதார். அவள் தேற்றவில்லை. அழுது முடிந்ததும் தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றவர், எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்கிறேன், கம்பியையும் சேர்த்து என்றார். அதனால் தனக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்றுதான் அவள் யோசித்தாள். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே செய்வதென்று முடிவாயிற்று.

வீட்டில் விசயத்தைச் சொன்னபோது புனிதவதி, ஆறு மாதமாக ஒன்றும் தெரியாமல் தன்னை அந்தப் பிள்ளையின் முகத்தில் முழிக்கவிட்டீர்களே என்றாள். பிறகு நெடுநாள் அவருடன் தேவைக்கு மேல் பேசவில்லை. கஜனி பேசினாள். ஆனால் அப்பா என்று கூப்பிடும் குரலில் ஏதோ குறைந்திருந்தது.

அவர் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு நடந்தது. சிறைக்குப் போகவில்லை, ஒத்திவைத்த தண்டனை. அபராதத்தோடு கடை போயிற்று. நாகேஸ்வரிக்கு விபத்துக்கான கொடுப்பனவும், ஒரு வருட விசாவும் கிடைத்தன. விரல்கள் அப்படியேதான். இப்போது லா சப்பலில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். தவரத்தினம் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். தண்டனை கிடைத்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தார். ஆறவில்லை.

சென்ற சித்திரையில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவரைக் கண்டு, அந்தப் பெட்டையாலே உங்கடை கடை போச்சுதே அண்ணை என்று அனுதாபப்பட்டார். தவரத்தினம் நிமிர்ந்தபோது, முருங்கைக்காய்ப் பக்கம் நாகேஸ்வரி நிற்பதைக் கண்டார்.

“அவவாலை இல்லை. வால்வைக் கட்டினது நான். என்னாலைதான் அவவின்ரை கை போனது,” என்றார். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

வாடிக்கையாளர் வெங்காயத்தைப் பொறுக்கத் தொடங்கினார். நாகேஸ்வரி முருங்கைக்காய்க் கட்டை இடது கையால் எடுத்துக் காசு கொடுத்தாள். வாசலில் ஒருமுறை நின்று, அவரைத் திரும்பிப் பார்த்து, “வாறன் அண்ணை,” என்றாள். பிறகு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.