மத்தியான ஊசி

துணி வெட்டும் மேசையின் விளிம்பு கட்டிங் மாஸ்டரின் தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வந்து பதியும். நாற்பது அடுக்குத் துணியின் அந்தக் கோடிவரை மெஷினைத் தள்ள வேண்டுமானால், வயிற்றை அங்கே அழுத்திக்கொண்டு சாய்ந்தே ஆக வேண்டும். முப்பது வருடம் அப்படிச் சாய்ந்து சாய்ந்து குடும்பத்தைக் காப்பாற்றிய வயிறு. அந்த வயிற்றில்தான் ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது யூனிட் இன்சுலின் இறங்க வேண்டியிருந்தது. காலையில் நூற்றிருபது, மாலையில் நூற்றுப்பத்து. ஒரு சிரிஞ்சுக்குள் அடங்காததால் வேளைக்கு இரண்டு குத்து. போட்டுவிடுவது மனைவி. மத்தியானத் தொண்ணூறை அவளே நிரப்பி, குளிர்ப்பெட்டியில் வைத்து, சாப்பாட்டோடு கொடுத்தனுப்புவாள்.

"வழி விடுங்கப்பா, ஊசி மாஸ்டர் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறாரு" என்பார் கம்பெனி இஸ்திரிக்காரர்.

கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம். குத்திய இடம் கோலிக்குண்டாகப் புடைத்து மேசை விளிம்பில் நசுங்கும்போது உயிர் போய் உயிர் வரும். தொடையில் போடலாமென்றால் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருநாள் சிரிஞ்சைக் கை கழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டார். மறுநாளும் அப்படியே. இப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது. காலி சிரிஞ்சு வீட்டுக்குப் போனதும் மனைவி நோட்டில் டிக் போடுவாள். சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார். ஆரம்பத்தில் உறுத்தியது. பிறகு அந்த இடமும் மரத்துப்போய்விட்டது.

அன்று ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றினார்கள். நர்ஸ் தடித்த பேனா போன்ற ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"இது அஞ்சு மடங்கு அடர்த்திம்மா. அதே யூனிட்டுக்கு அஞ்சுல ஒரு பங்கு மருந்துதான் உள்ளே போகும். மத்தியானம் கிடையாது. பேனாவுல நம்பரைத் திருப்பி வைங்க, நீங்களா எதையும் வகுக்காதீங்க. காலையில நூத்தித் தொண்ணூறு, சாயங்காலம் நூத்தி முப்பது. போட்ட அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும்."

"அப்பாடா, அவருக்கு மத்தியானத் தொல்லை விட்டுச்சு" என்றாள் மனைவி.

"ஒண்ணு கேக்கணும். முந்நூத்தி இருபதும் ஒழுங்கா போட்டுக்கிட்டாரா? ஒரு வேளை விட்டிருந்தாலும் சொல்லிடுங்க. போடாததையும் சேர்த்து இதுல போட்டா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும். வேர்த்துக்கொட்டி மயங்கினவரை எழுப்ப முடியாமகூடப் போகலாம்."

"என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு வேளை தவறினது கிடையாது." பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல நோட்டை நீட்டினாள்.

மாஸ்டருக்கு நெஞ்சு படபடக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் நாளைக் காலை இவள் கையாலேயே தன் கதை முடியக்கூடும் என்பது, வேறு யாருக்கோ நடக்கப்போவதுபோலத் தெரிந்தது. இவள் கையால் என்பது மட்டும்தான் எங்கோ இடித்தது.

"மத்தியானம் போட்டுக்கல" என்றார்.

"என்னைக்கு? நேத்தா?" என்றாள் மனைவி.

"ரெண்டு வருஷமா. தொட்டியில ஊத்திட்டேன்."

நர்ஸ் எழுந்து டாக்டர் அறைக்குப் போய்விட்டு வந்தாள். "அப்போ இருநூத்தி முப்பதுதான் உண்மை. அதுக்கே இந்த மருந்து தேவைதான். காலையில நூத்தி நாப்பது, சாயங்காலம் தொண்ணூறு. சர்க்கரையைப் பாத்துப் பாத்து மாத்திக்கலாம். இப்பவாவது சொன்னீங்களே சார்."

மனைவி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பேனாவைத் திருகி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே படிங்க."

"நூத்தி நாப்பது."

ஒரே குத்து. தடித்த தோலில் எதுவும் உறைக்கவில்லை.

"திட்டணும்னா திட்டிடு" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க. திட்டுறதுக்கு நீங்க இருக்கணுமில்ல."

தட்டை வைத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்காமல், அவர் நெற்றியில் வேர்வை பூக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.