செல்வம்மாளின் இடது கை

செல்வம்மாளும் நானும் எழுபத்தொன்றில் ஒரே நாளில் காரைக்கால் மீனவர் சங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. அவர் டைப் அடிப்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும். வரி முடிந்ததும் இடது கை தானாகப் போய், அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் லீவரைத் தள்ளும். வாய் அதுபாட்டுக்குக் கதை பேசும். அந்தப் பேச்சுக்காகவே என் நாற்காலியை அவர் மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. மாலை வகுப்பில் ஆறு மாதம் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்த மமதையில், படகுப் பதிவுப் படிவத்துக்கு நானே புரோகிராம் எழுதினேன். கீபோர்டின் இடது ஓரத்தில் எஃப்1 முதல் எஃப்10 வரை பத்துக் கீகள். எதை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். எஃப்1-ஐ அழுத்தினால் படிவம் முழுக்க அழியட்டும் என்று எழுதிவைத்தேன். பெரிய மேதாவி!

செல்வம்மாள் உட்கார்ந்து பெயரை அடித்து முடித்ததும், பழக்கதோஷத்தில் இடது கை லீவரைத் தேடிப் போய் எஃப்1-இல் பட்டது. திரை காலி. மறுபடி அடித்தார், மறுபடி காலி. மூன்றாவது தடவையும் அதேதான். விவரம் சொல்லிக்கொண்டு எதிரே நின்ற கிளிஞ்சல்மேட்டு முத்தையன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூணாவது தடவையா என் படகக் கவுத்துட்டீங்களேம்மா!"

செயலாளர் கைலாசநாதன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தன் முன்னால் ஒரு படிவத்தை முழுதாக அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள், செல்வம்மாள் தபால் பிரிவுக்கு என்று சொல்லிவிட்டார். நானாவது சும்மா இருந்தேனா? "கையக் கொஞ்சம் அடக்கி வைங்க" என்று எரிந்து விழுந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை வரை தன் கையோடு மல்லுக்கட்டினார். பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. மாலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், இந்தக் கீய அழுத்துனா அழியணும்னு யாரு சொன்னது?"

"நான்தான் எழுதுனேன்."

"அப்ப, அடுத்த வரிக்குப் போவணும்னு எழுதுங்களேன்."

அப்போதே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். நாலே வரி மாற்றம். எஃப்1 அடுத்த வரிக்கு. அழிக்கிற வேலை கீழே கடைசியில் கிடக்கும் எஃப்10-க்கு.

வெள்ளிக்கிழமை செல்வம்மாளின் கை வழக்கம்போலப் பறந்தது. முத்தையனின் படகு பத்திரமாகப் பதிவானது.

"பரவால்லையே, ஒரு வாரத்துல மெஷினுக்குப் பழகிட்டீங்களே" என்றார் செயலாளர்.

செல்வம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லீங்க சார், மெஷின்தான் எனக்குப் பழகிடுச்சு."